தூங்கிய தண்ணீர்

என் கணவருக்குக் குழாய்த் தண்ணீர் மேல் நம்பிக்கை கிடையாது. "இப்பதானே ஓடி வந்திருக்கு, கொஞ்சம் தூங்கட்டும்" என்பார். தஞ்சோங் கிளிங்கில் எங்கள் வீட்டுப் பின்புறம், துணி காயப்போடும் இடத்தில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு, கைப்பேசியில் பார்த்துப் பார்த்து ஒரு மீன்குளம் கட்டியிருந்தார். பக்கத்தில் ஒரு நீலப் பீப்பாய். அதில் தண்ணீர் பிடித்து, ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து, குளோரின் மருந்து வாடை போன பிறகுதான் குளத்தில் ஊற்றுவார். அதற்குத் தூங்கிய தண்ணீர் என்று பெயர். நான் பீப்பாயில் கை வைத்தால் போச்சு. "சத்தம் போடாதே, தூங்குது" என்பார். என்னை ஒரு நாளாவது அப்படித் தூங்க விட்டதுண்டா என்று கேட்பேன்.

சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் அவருக்கு வெல்டிங் வேலை. நாளெல்லாம் நெருப்போடு கிடந்துவிட்டு வந்து, குளத்தோரம் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் பச்சையாக இருக்கிறதே என்று நான் முகம் சுளித்தால் சிரிப்பார். பம்பில் இருக்கிற வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் காட்டவே மாட்டார். குளத்துத் தண்ணீரிலேயே முக்கி, லேசாகப் பிழிந்து, திருப்பி வைப்பார். "அந்த அழுக்குலதான் குளத்தோட உசுரு இருக்குலா." சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்கு என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் மீன்கள் கொழுகொழுவென்று வளர்ந்தன.

ஒரு நாள் காலையில் பீப்பாயை நிரப்பிவிட்டு வேலைக்குப் போனார். மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சவம் வாசலைத் தாண்டியதும் வீட்டில் இருக்கிற தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டு, வீட்டைக் கழுவுவது எங்கள் வழக்கம். முன்னால் நின்று செய்தவர் மெர்லிமாவிலிருந்து வந்த என் நாத்தனார். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா. அழுதுகொண்டே புடவையை இழுத்துச் செருகி வேலையில் இறங்கினார். என்னை நடுவீட்டில் உட்கார வைத்திருந்தார்கள், எழுந்திருக்க விடவில்லை. பின்னாலிருந்து பீப்பாயைச் சாய்க்கிற சத்தம் கேட்டது. என் கணவர் கையால் கடைசியாகப் பிடித்து வைத்த தண்ணீர். பிறகு பம்பு நின்றது. குளத்துப் பக்கம் பிரஷ் போட்டுத் தேய்க்கிற சத்தம் வந்தது.

"தண்ணி! தண்ணி!" என்று கத்தினேன்.

எங்கள் ஊரில் தேநீரும் தண்ணிதான், காப்பியும் தண்ணிதான். "பாவம், நேத்திலேருந்து ஒண்ணும் குடிக்கல. சீக்கிரம் தண்ணி கலக்குங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. பால் விடாமல் சர்க்கரையை அள்ளிப் போட்ட தே ஓ ஒரு கிளாஸ் என் வாயருகே வந்தது. "குளம்… குளம்…" என்று விக்கினேன். "அழும்மா, நல்லா அழுதுடு" என்று என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். அன்பு என்று வந்துவிட்டால் நம் ஆட்களுக்குக் காது கேட்காது.

மறுநாள் விடிந்து நான் பின்பக்கம் போனபோது குளம் பளிங்கு மாதிரி இருந்தது. பஞ்சு, சோப்புப் போட்டு வெளுத்துக் கொடியில் தொங்கியது. மீன்களை வாளிகளில் எடுத்து வைத்து, குளத்தைக் கழுவி, குழாயைத் திறந்து நிரப்பி, அன்றைக்கே திருப்பி விட்டிருக்கிறார்கள். எல்லாம் மல்லாந்து மிதந்தன.

"அவரு போனது போதாதா அண்ணி?" என்று கேட்டுவிட்டேன்.

"செத்த வீட்டுத் தண்ணி ஆகாதேம்மா. நல்லதுக்குத்தானே செஞ்சேன்."

தண்ணீரைத் தூங்க வைக்கிற கதையை அவருக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றவர், ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என் தம்பி வளர்த்ததெல்லாம் நானே கொன்னுட்டேனே" என்று வயிற்றில் அடித்துக்கொண்டார். எனக்கு இருந்த கோபத்தை அதற்கு மேல் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

வாளிகளை அடுக்கும்போதுதான் பார்த்தோம். ஒன்றில் கொஞ்சம் பழைய பச்சைத் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதற்குள் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு மீன். அள்ளி விடும்போது யார் கண்ணிலும் படாமல் தப்பியிருக்கிறது. நாத்தனார் வாளியை இரண்டு கையாலும் ஏந்தி, நிழலில் கொண்டுபோய் வைத்தார்.

அதன் பிறகு அவர் மெர்லிமாவுக்குத் திரும்பவில்லை. அந்த ஒன்றாவது பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர எங்கள் இரண்டு பேருக்கும் வேறு பேச்சில்லை. பீப்பாயை நான் நிரப்புவேன். அவர் குனிந்து முகர்ந்து பார்ப்பார். "வாடை இருக்கும்மா. இன்னும் தூங்கல." வாடை போனதும் ஒரு குவளை எடுத்து, வாளியில் துளித்துளியாக விடுவார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுபடியும் வீடு கழுவ வேண்டும். சொந்தக்காரப் பெண் ஒருத்தி பீப்பாயைச் சாய்க்கப் போனாள். நாத்தனார் ஓடிவந்து அதைக் கட்டிக்கொண்டார்.

"இத விட்டுடு."

"என்னாக்கா, தீட்டுத் தண்ணிலா. கொட்டணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?" என்று அவள் குரலை உயர்த்தினாள்.

"நான்தான் சொன்னேன். இப்ப வேணாங்கிறேன்." பிறகு நாத்தனாரின் குரல் இறங்கிவிட்டது. "சத்தம் போடாதே, தூங்குது."

அப்படியே என் கணவர் சொல்கிற மாதிரி இருந்தது. நானும் போய்ப் பீப்பாயின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.