கண்ணாடி நூலில் ஒரு முடிச்சு

பெங்களூர் விடுதியில் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. எடப்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். மூன்று மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அவள் கம்பெனியில் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் வீட்டில் நல்ல இன்டர்நெட் லைன் இருக்க வேண்டும். திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் அதன் வேகத்தை அனுப்பிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே பஸ் ஏற வேண்டியதுதான். சோற்றைப் பார்த்தாலே குமட்டிக்கொண்டிருந்த பிள்ளையை எப்படி அனுப்புவது?

கரண்ட் கம்பியைத் தவிர வேறு எந்தக் கம்பியும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. கேபிள் கம்பம் ரோட்டோடு நின்றுவிட்டது. அங்கிருந்து வர ஒரு சோளக்காட்டையும் வண்டித்தடத்தையும் தாண்ட வேண்டும். சனிக்கிழமை காலை வந்த லைன்மேன் அந்தத் தூரத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இம்புட்டு தூரம் வயரு அந்தரத்துல நிக்காதுங்ணா. நடுவுல ஒரு கம்பம் வேணுமுங்க. ஆபீசுல எழுதிப் போட்டா ஒரு மாசம் ஆயிருமுங்க."

"கம்பந்தானே? சாயங்காலம் வாங்க," என்றேன்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டியில் ஏறி, ராஜஸ்தான், ஒடிசா என்று இருபது வருஷம் சுற்றினேன். அதில் மிஞ்சியது கொஞ்சம் இந்தியும் ஒரு விரல் குறைந்த இடது கையும்தான். இந்த மகள் பிறந்தபோதுகூட ஊரில் இல்லை. நான்காம் மாதத்தில்தான் முகத்தைப் பார்த்தேன். குழி தோண்ட மட்டும் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய இரும்புக் குழாயை உருட்டி வந்து, கடப்பாரையால் மூன்றடி இறக்கி நட்டேன். இரண்டாவது அடியிலேயே கடப்பாரை இறங்காத சுக்காங்கல். சன்னலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த மகள், "அப்பா, தண்ணி வந்துருச்சுங்களா?" என்றாள். வீட்டுக்கு வந்தபிறகு அவள் செய்த முதல் கிண்டல் அது.

இருட்டுவதற்குள் லைன்மேன் வயரை இழுத்துக் கட்டினார். மிச்சத்தை வீட்டுச் சுவரில் வளையமாகச் சுற்றி மாட்டிவிட்டு, "பொட்டி வெக்கத் திங்கக்கெழமை காத்தால வாரேனுங்க," என்று போனார்.

சொன்னபடி வந்து இன்டர்நெட் பெட்டியை மாட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. வேறு பெட்டி மாட்டினார். அதிலும் சிவப்பு. ரோட்டுக் கம்பத்தில் ஏறிச் சோதித்தார். அங்கே எல்லாம் சரியாக இருந்தது. மணி பதினொன்று ஆகிவிட்டது. நான் வயரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். வண்டித்தடத்துக்கு மேலே, உற்றுப் பார்த்தால்தான் தெரியும்படி, கச்சிதமாக ஒரு முடிச்சு.

"இது ஆருங்க போட்டது?" என்றார் லைன்மேன்.

வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த விசைத்தறியை நிறுத்திவிட்டு மனைவி வந்தாள். "நாந்தானுங்க. நேத்து இவுரு மருந்து வாங்கப் போயிருந்தாரு. வைக்கோல் டிராக்டர் மாட்டி அறுந்துபோச்சு. செவுத்துல சுத்தியிருந்தத உட்டு, முடிஞ்சு, இழுத்துக் கட்டிட்டேன்."

"சொல்ல வேண்டாமுங்களாக்கா?"

"தெனம் எத்தன இழை அறுகுது. ஒவ்வொண்ணையும் ஊருக்குச் சொல்லிட்டா இருப்பாங்க?"

விசைத்தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். இழை அறுந்ததைக் கண் பார்த்தால் போதும், கை தானாக முடிச்சைப் போட்டுவிடும். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லைன்மேன் சிரித்துவிட்டார். "உள்ள இருக்கறது கண்ணாடிங்கக்கா. ஒடிஞ்சா வெளிச்சம் தாண்டாதுங்க."

"அப்பறம் எதுக்குங்க கண்ணாடில நூலு உடறீங்க?"

முடிச்சை வெட்டி எறிந்துவிட்டு, ஒட்டும் கருவியை வண்டித்தடத்திலேயே ஸ்டூல் போட்டு வைத்தார். காற்றில் மண் பறந்தது. ஒரு தூசி விழுந்தாலும் ஒட்டாதாம். மனைவி உள்ளே ஓடி, நெய்து மடித்து வைத்திருந்த வேட்டி ஒன்றைப் பிரித்துக்கொண்டு வந்தாள். ஆளுக்கொரு முனை பிடித்து அவரைச் சுற்றி மறைப்புக் கட்டி நின்றோம். தலைமயிர் போன்ற இரண்டு இழைகள் எதிரெதிரே வந்தன. ஒரு சின்னப் பொறி தெறித்தது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஒட்டுன எடமே தெரியலீங்களே," என்றாள். யார் வேலையையும் அவள் லேசில் மெச்சுகிறவள் அல்ல.

பச்சை விளக்கு வந்தது. பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் மகள் வேகத்தை எடுத்து அனுப்பினாள். பதில் வரும்வரை மூன்று பேரும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"இங்கியே இருந்துக்கலாமாம்மா. மூணு மாசமும்."

மனைவி எழுந்து போய்த் தறியைப் போட்டாள். சுவர் அதிர்ந்தது.

"அம்மா, நிறுத்துங்க! மீட்டிங் கூப்புடறாங்க!"

தறி நின்றது. "எத்தன நேரஞ் சாமி?"

"அரை மணி நேரம்."

"தெனமுமா?"

"தெனமும் நாலஞ்சு தடவ வரும்மா."

மனைவி தறியைப் பார்த்தாள், பிறகு மகளின் மஞ்சள் பூத்த கண்களைப் பார்த்தாள்.

"செரி, நான் வெடியக்காலம் எந்திரிச்சு ஓட்டிக்கறேன். நீ பேசு சாமி," என்று சொல்லிவிட்டு, அவளுக்குக் கஞ்சி வைக்கப் போனாள்.