கப்பலேறாத பருப்பு

ஆலங்குடி மலையாண்டி எனக்குச் சித்தப்பா முறை. அதற்காகப் பொய் சொல்ல முடியுமா? மனிதருக்கு வயிற்றெரிச்சல் அதிகம். அவருடைய முந்திரிக் கொட்டகைக்கு அடுத்தது பிரகதாம்பாளுடையது. புருஷன் செத்த பிறகு தொழிலுக்கு வந்தவள். அவளுடைய பருப்பு டின்கள் கொல்லம் போய்க் கப்பலேறி அமெரிக்கா போயின. இவர் சரக்கு புதுக்கோட்டை மிட்டாய்க் கடையைத் தாண்டவில்லை. பக்கத்தில் டின் ஏற்ற லாரி வந்து நின்றால் சித்தப்பாவுக்குச் சோறு இறங்காது.

ஐம்பத்தெட்டாம் வருஷம், கொல்லத்து ஏஜெண்ட் இவர் சரக்கையும் பார்க்க ஒப்புக்கொண்டார். தேறினால் இவர் பருப்பும் கப்பலேறும். உடனே பிரகதாம்பாள் வைத்திருப்பதைப் பார்த்து அதே மாதிரி வறுசட்டி, அதே மாதிரி டின் வாங்கினார். பருப்பு உடையாமல் தோலுரிக்கும் இன்னாசியம்மாளையும் கூலியைக் கூட்டிக் கொடுத்து பிரகதாம்பாளிடமிருந்து இழுத்துக்கொண்டார்.

பிரகதாம்பாள் கொட்டகையில் பெண்கள் உடைந்த பருப்பைத் தின்னலாம், சிரிக்கலாம், "வறுவல் தீஞ்சிருச்சு ஆத்தா" என்று முதலாளியம்மா முகத்துக்கு நேரே சொல்லலாம். சித்தப்பாவுக்கு இதெல்லாம் ஆகாது. இவர் கொட்டகையில் காலையிலேயே ஆளுக்கு வெற்றிலை பாக்கு கொடுத்துவிடுவார். வாய் நிறைய அடக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும். பருப்பும் உள்ளே போகாது, பேச்சும் வெளியே வராது. அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

"ஐயா, இந்த வெத்தலை..." என்று முதல் நாளே ஆரம்பித்தாள் இன்னாசியம்மாள்.

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு."

ஏஜெண்ட் வந்தார். டின்னைத் திறந்து வெள்ளைத் துணியில் கொட்டினார். எல்லாம் முழுப் பருப்பு. ஆனால் அங்கங்கே சிவப்புக் கறை. உதட்டைத் துடைத்த விரலாலேயே உரித்திருக்கிறார்கள்.

"எச்சில் பட்டதை எப்படிங்க கப்பல்ல ஏத்துறது?" என்று சொல்லிவிட்டு அடுத்த கொட்டகைக்குப் போய்விட்டார்.

சித்தப்பா குதித்தார். "இத்தனை பேரு இருக்கீங்களே, ஒருத்தியாச்சும் சொல்லக் கூடாதா?"

எல்லார் வாயிலும் வெற்றிலை. இன்னாசியம்மாள் மட்டும் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"சொல்லத்தாங்க வந்தேன். நீங்கதான் வாயை மூடச் சொன்னீங்க. நான் வாரேங்க."

சுவருக்கு அங்கிட்டிருந்து பிரகதாம்பாள் குரல் கேட்டது. "வாடி இன்னாசி, ஒன் எடம் சும்மாதான் கெடக்கு."

பெண்கள் சிரித்தார்கள். அமெரிக்கா போன அத்தனை டின்களும் எரித்ததைவிட, அந்த ஒரு 'வாடி' சித்தப்பாவை அதிகமாக எரித்தது.