இடது கையால் ஒரு கோட்டு

என் அண்ணிக்கும் எனக்கும் ஒத்துப்போனதே கிடையாது. நாத்தனாரும் அண்ணியும் ஒத்துப்போய்விட்டால் உலகம் என்ன ஆவது? ஒரே வீடு, ஒரே குளியலறை, தினமும் காலையில் அதன் வாசலில் ஒரு சண்டை. நான் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். வந்தவர்களை வாயைத் திறக்கச் சொல்வது டாக்டர் வேலை, மூடச் சொல்வது என் வேலை. அப்படிப்பட்ட என் வாயையே அடைத்துவிடுவாள் அண்ணி. ஆனால் வெளியாள் யாராவது அவளை ஒரு வார்த்தை சொல்லட்டும், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். திட்டுவதென்றால் நாங்கள் திட்டிக்கொள்வோம். உங்களுக்கு என்ன வந்தது?

அவள் வேலை பார்த்தது சந்தைத் தெருவில், துணிக்கடை மாடியில் இருக்கும் பெரிய தையல் கடையில். வரிசையாக மெஷின்கள், கோடியில் ஜன்னல் ஓரமாக வெட்டுமேஜை. மெஷினில் உட்கார்ந்து தைப்பவர்கள் எல்லாம் பெண்கள். மேஜையில் நின்று வெட்டுகிறவர் மட்டும் எப்போதும் ஆண். அவரைத்தான் மாஸ்டர் என்பார்கள். தைத்தது தப்பானால் பிரித்துத் தைக்கலாம். வெட்டியது தப்பானால் ஒட்டவா முடியும்? அதனால் கத்தரி பிடிக்கிறவருக்குத்தான் அங்கே மரியாதை.

மெஷினில் உட்கார்ந்த முதல் நாளிலிருந்தே அண்ணிக்கு அந்த மேஜையின் மேல்தான் கண். கோட்டு வெட்டவேண்டும். சட்டை இல்லை, பாவாடை இல்லை, கோட்டு. தோளில் ஒரு சுருக்கம் விழாமல், போட்டவன் கையைத் தூக்கினால் கோட்டும் கூடவே மேலே ஏறாமல், அப்படி ஒரு கோட்டு. இதையே எத்தனை வருஷம் எங்கள் காதில் ஓதினாள் என்று கேட்காதீர்கள். பழைய மாஸ்டர் வேலையை விட்டுப் போனதும், முதலாளி புது ஆள் தேடுவதற்குள் இவள் போய் மேஜையில் நின்றுவிட்டாள். நன்றாக வெட்டினாள். நன்றாக வெட்டுகிறவளை எப்படி விரட்டுவது என்று தெரியாமல் முதலாளியும் விட்டுவிட்டார். யாராவது பழக்கத்தில் "அக்கா" என்று கூப்பிட்டால் திரும்பமாட்டாள். "இங்க நிக்கிற வரைக்கும் நான் மாஸ்டர். அக்கானு கூப்பிட்டா எனக்குக் காது கேக்காது" என்பாளாம். திமிரைப் பாருங்கள்.

முதலில் சட்டைகள்தான் கொடுத்தார்கள். கோட்டு இன்னும் கைக்கு வரவில்லை. மேஜை கிடைத்து ஒரு வருஷம் முழுதாக ஆகியிருக்காது, ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே சரிந்துவிட்டாள். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு முதலாளி ஆப்பிள் பையோடு வந்தார். "கவலையே படாதீங்க அக்கா. பட்டன் தைக்கிற பக்கம், மடிச்சு வைக்கிற பக்கம், எங்கயாவது உக்காந்துக்கலாம். உங்களை நான் கைவிடமாட்டேன்" என்றார்.

அந்த "அக்கா" எனக்கே சுருக்கென்றது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, வார்த்தைகள் குழறின. இருந்தாலும் ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொன்னாள்: "நான்... வெட்-டு-வேன்."

"முதல்ல உடம்பைப் பாருங்க" என்று ஆப்பிளை வைத்துவிட்டுப் போனார் அவர்.

கால் மெல்ல மெல்லத் திரும்பியது. பேச்சும் திரும்பியது; அதிலும் என்னைத் திட்டுகிற பேச்சுதான் முதலில் தெளிவாக வந்தது. வலது கை மட்டும் பாதிதான். தோளிலிருந்து கொஞ்சம் தூக்குவாள், விரல்கள் மடங்காது. இனிமேல் மடங்குவது கஷ்டம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தான். வேன் ஓட்டுகிறவன் அவன். அழுதுகொண்டே ஓட்டினால் எல்லோரும் போய்ச் சேரவேண்டியதுதான் என்று நான் கத்தினேன். பின்னால் சாய்ந்திருந்த அண்ணி சொன்னாள்: "எதுக்குங்க அழறீங்க? இன்னொரு கை இருக்கே, அது என்ன அழகுக்கா?"

கேட்கச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் கத்தரி என்பது வலது கைக்காகச் செய்தது. வலது கையால் அழுத்தினால் இரண்டு அலகும் ஒன்றோடொன்று நெருங்கும். அதையே இடது கையில் பிடித்து அழுத்தினால் அலகுகள் விலகும். துணி வெட்டுப்படாது, நடுவில் மடங்கி, மாடு மென்று துப்பியதுபோல் கசங்கிப்போகும். எங்கள் வீட்டில் இருந்த பழைய பேப்பர் எல்லாம் அப்படித்தான் மென்று துப்பப்பட்டது. பிறகு தலையணை உறை. பிறகு என் ஜன்னல் திரை. கேட்டால், "எப்படியும் வெளுத்துப்போச்சு" என்றாள். என் திரை, வெளுத்தால் என்ன, கறுத்தால் என்ன?

அண்ணன் எங்கெங்கோ விசாரித்துவிட்டு வந்து, "இடது கைக்குன்னே தனியா கத்தரி இருக்காம். வரவழைச்சுத் தரேன்" என்றான்.

"வேணாம். கடையில இருக்கிறதெல்லாம் வலது கைக் கத்தரி. எதைக் கையில குடுத்தாலும் நான் வெட்டணும்."

"பிடிச்ச முயலுக்கு மூணே கால்" என்றேன் நான்.

"நாலாவது காலை நீ வெச்சுக்கோ" என்றாள்.

அண்ணனுக்கு மனசு தாங்கவில்லை. ஒரு நாள் அவள் கையிலிருந்து கத்தரியை வாங்கப் பார்த்தான். கட்டைவிரல் அடியில் கொப்புளம் உடைந்து ரத்தம் வந்திருந்தது. "போதும்மா. நான் சம்பாதிக்கிறேன்ல? நீ நிம்மதியா உக்காரு."

"நீங்க சம்பாதிக்கிறதுக்கும் நான் வெட்டுறதுக்கும் என்னங்க சம்பந்தம்? நான் பசிக்காகவா வெட்டுறேன்?"

பாவம், அவன் வாயில்லாப் பூச்சி. மருந்து எடுத்துவந்து விரலில் போட்டான்.

கடைசியில் அவளே கண்டுபிடித்தாள். கட்டைவிரலை உள்பக்கமாக இழுத்து, மற்ற விரல்களை வெளிப்பக்கமாகத் தள்ளினால் விலகுகிற அலகுகள் நெருங்குகின்றன. கை இயல்பாகச் செய்வதற்கு நேர் எதிராகச் செய்யவேண்டும். துணி நகராமல் இருக்க, வலது முழங்கையைத் தூக்கி அதன்மேல் பாரமாக வைத்தாள். "சும்மா தொங்கிட்டிருந்துச்சே, அதுவும் ஒரு வேலை பாக்கட்டும்" என்றாள். நான் சமையலறையில் இருந்தேன். கரக் கரக்கென்று, நடுவில் சிக்காமல், நீளமாக ஒரு சத்தம் வந்தது. அழுதால் அவளுக்கு இளக்காரமாகிவிடும் என்று சமாளித்துக்கொண்டு, "அது என் போர்வை இல்லையே?" என்று கத்தினேன். என் போர்வைதான்.

அடுத்த வாரமே முதலாளியிடம் போய் நின்றாள். படியேற நான் துணைக்குப் போனேன். ஜன்னல் ஓர மேஜையில் புது ஆள் ஒருவன் நின்றிருந்தான். சட்டைப் பையில் சீப்பு வைத்திருப்பதால் அவனுக்கு அங்கே சீப்பு மாஸ்டர் என்றே பெயர். ஒரு முறை வெட்டிப் பார்க்க விடுங்கள் என்று அண்ணி கேட்டதும், முதலாளி தலையைச் சொறிந்துவிட்டு, காவலாளிகள் பலருக்கான முழுக்கைச் சட்டைத் துணியை, அடுக்காகப் போட்டு ஒரேயடியாக வெட்டச் சொல்லி எடுத்துக் கொடுத்தார்.

அவள் மேஜைக்கு மறுபக்கம் போய் நின்றாள். இடது கைக்கு அதுதான் வசதி. வெட்டினாள். துணி ஒரு இடத்தில்கூட மடங்கவில்லை. மெஷின்கள் எல்லாம் நின்றுபோய் அத்தனை பேரும் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, என்னமோ நானே வெட்டியதுபோல் நின்றேன்.

மெஷினில் இருந்த குட்டையான ஒரு பெண்தான் முதலில் கவனித்தாள். துண்டுகளை எடுத்து, சட்டையின் உடம்போடு சட்டைக் கையைப் பொருத்திப் பார்த்தவள், மெதுவாகச் சொன்னாள்: "மாஸ்டர்... கை ரெண்டும் ஒரே பக்கம்."

துணிக்கு நல்ல பக்கம் ஒன்றுதான்; அதனால் ஒரு கைக்கான அளவில் நறுக்கிய பேப்பரை வைத்து வெட்டிவிட்டு, அதைத் திருப்பிப் போட்டு அடுத்த கையை வெட்டவேண்டும். அண்ணி திருப்பவில்லை. அத்தனை சட்டைக்கும் இரண்டு இடது கைகள்.

சீப்பு வாய்விட்டுச் சிரித்தான். "அக்காவுக்கு இருக்கிறது ஒரு கைதானே. சட்டைக்கும் ஒரே கை போதும்னு விட்டுட்டாங்க!"

கடையே சிரித்தது, அந்தக் குட்டைப் பெண்ணைத் தவிர. எனக்கு வந்த கோபத்துக்கு அவன் சீப்பைப் பிடுங்கி அவன் தலையிலேயே உடைத்திருப்பேன். அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "விடு. தப்பு என்னோடது."

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "இனிமே கத்தரி வேண்டாம்க்கா. பட்டன் பக்கம் இடம் வெச்சிருக்கேன். இரக்கப்பட்டுத்தான் சொல்றேன்."

"துணியைப் பாழாக்கிட்டேன்னு திட்டுங்க முதலாளி, வாங்கிக்கிறேன். உங்க இரக்கத்தை மட்டும் மடிச்சு அலமாரியில வைங்க. பட்டன் நான் தைக்கமாட்டேன்."

சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அந்தப் படிக்கட்டில் ஒரு பக்கம்தான் கைப்பிடி. இறங்கும்போது அது அவளுடைய செயலற்ற கைப் பக்கம் வரும். அதனால் அவள் பின்பக்கமாகவே இறங்கினாள், இடது கையால் பிடித்துக்கொண்டு, மேலே நின்று வேடிக்கை பார்த்தவர்களை நேருக்கு நேர் பார்த்தபடி, ஒவ்வொரு படியாக. ஒருத்தர் முகத்திலும் அதற்குமேல் சிரிப்பைக் காணோம்.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் வாசலில் நின்று, "சீக்கிரம் வாங்க, எனக்கும் போகணும்" என்றேன். வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது, கண்ணில் மட்டும் ஒரு வெளிச்சம்.

"ஏய், ஏன் தப்பாச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்னேன்ல? கை, நிக்கிற இடம் எல்லாத்தையும் மனசுக்குள்ளயே திருப்பிப் போட்டிருந்தேன். பேப்பரையும் திருப்பிட்டதா நெனச்சுட்டேன். அவ்வளவுதான். இனிமே தப்பாது."

"அதான் மேஜையே போச்சே!"

"மேஜை என்னடி மேஜை. நாலு கால் வெச்ச பலகை" என்றவள், எங்கள் சாப்பாட்டு மேஜையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். கோட்டுத் துணியை விரிக்க அது காணாது. தரையில் விரித்தால் அவளால் மண்டியிட முடியாது. வீடு முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தாள். அந்த நடையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணனைக் கூப்பிட்டு, "திருப்புளி எடுத்துட்டு வா. என் ரூம் கதவைக் கழட்டு" என்றேன்.

தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டுக் கதவைச் சாப்பாட்டு மேஜைமேல் படுக்கவைத்தோம். அன்றிலிருந்து நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம்.

கோட்டு வேண்டிய ஆளும் என் கையிலேயே இருந்தார். எங்கள் பல் டாக்டர் ஏதோ பெரிய கூட்டத்தில் பேசப் போகவிருந்தார். வெளிநாட்டிலிருந்து யாரோ கொடுத்த நல்ல சாம்பல் நிறத் துணி ஒன்றைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். "டாக்டர், நாளைக்கு அளவெடுக்க ஆள் வருது, கையைத் தூக்கி நில்லுங்க" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாயை மூடவைப்பது என் வேலை என்று முன்பே சொன்னேன் அல்லவா?

ஒரே துணி. ஒரு கோட்டுக்கு மட்டும்தான் காணும். தப்பானால் அவ்வளவுதான், அவள் ஆசையும் போச்சு, என் வேலையும் போச்சு. அண்ணி கோடு போட்டாள், முழங்கையைப் பாரமாக வைத்தாள், உடம்பை வெட்டினாள், ஒரு கையை வெட்டினாள். பேப்பரைத் திருப்பிப் போட்டாள். பிறகு கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, வெட்டிய கைத் துண்டைத் தன் விரல் மடங்காத வலது கைமேல் போர்த்திப் பார்த்தாள். பேப்பரை இடது கைமேல் வைத்துப் பார்த்தாள். அண்ணன் பார்க்கப் பயந்து தெருவுக்கே போய்விட்டான். கரக் கரக் என்று கத்தரி போனது.

தைத்துக் கொடுத்தது அந்தக் குட்டைப் பெண்தான், லீவு நாளில் எங்கள் வீட்டுக்கே வந்து.

டாக்டர் கிளினிக்கில் வைத்துப் போட்டுப் பார்த்தார். முதலில் ஒரு கை நுழைந்தது, பிறகு அடுத்த கை. "நல்லா மேல தூக்குங்க டாக்டர்" என்றாள் அண்ணி. தூக்கினார். கோட்டு அதன் இடத்திலேயே இருந்தது. அண்ணி அவர் தோளில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டாள். வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த ஒரு ஆள், "எங்க தெச்சது?" என்று கேட்க முயன்று என்னமோ உளறினார். எனக்குப் புரிந்தது. டோக்கனுக்குப் பின்னால் எங்கள் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குப்போல் நான் சந்தோஷப்பட்டதே இல்லை.

இப்போது வாரத்துக்கு ஒரு கோட்டாவது வருகிறது. அண்ணன் குறட்டை நேராக என் அறைக்குள் வந்து விழுகிறது. போன மாதம் பொறுக்கமுடியாமல் போய் நின்றேன்.

"அண்ணி, என் கதவை எப்போ திருப்பித் தருவீங்க?"

அவள் நிமிரக்கூட இல்லை. கோடு போடும் சாக்பீஸ் துண்டைப் பல்லில் கடித்தபடியே, கதவில் விரித்த துணியை முழங்கையால் அழுத்திக்கொண்டு சொன்னாள்: "நீ வேற கதவு வாங்கிக்கோ. நான் வெட்டிட்டிருக்கேன்."