நாரைகளுக்காக இருந்த நோன்பு

எங்கள் வீட்டில் இருட்டின பிறகு யாரும் சாப்பிடுவதில்லை. நாங்கள் சமணக் குடும்பம். பொழுது இறங்குவதற்குள் சமைத்து, பரிமாறி, சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். விழுப்புரத்தில் என் பிறந்த வீட்டிலும் இதே வழக்கம்தான். ஆனால் அம்மா அதை ஒரு பெரிய வேலையாகக் காட்டிக்கொண்டதில்லை. ஆளுக்கு ரெண்டு தோசையைச் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற ரோட்டில் இறங்கி உள்ளே வர வேண்டிய இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்த பிறகுதான், சாயங்காலம் என்ற ஒன்றே என் கையைவிட்டுப் போனது. மாமனாருக்குச் சோறு சூடாக இருக்க வேண்டும். குழம்பு அப்போதுதான் இறக்கியதாக இருக்க வேண்டும். பரிமாற ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். மாமியாருக்கு முட்டி வலி. கணவருக்குச் சென்னையில் வேலை, சனிக்கிழமை ராத்திரி வருவார். வருகிற வழியில் திண்டிவனத்தில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்து, "நேரமாயிடுச்சும்மா, எனக்கு ஒண்ணும் வேணாம்" என்பார். பிள்ளை பசியோடு படுக்கிறானே என்று மாமியார் உருகிப்போவார். குருமா வாசனை எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாரைகளை முதலில் பார்த்தது அடுப்படி ஜன்னல் வழியாக. மழை ஓய்ந்து ஏரி நிரம்பியிருந்த மார்கழி மாதம். நத்தைகுத்தி நாரைகள் அவை. அழுக்கு வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை, அலகு மட்டும் நடுவில் மூடவே மூடாது, நெளிந்துபோன இடுக்கி மாதிரி. பகலெல்லாம் கழனியில் சேறடிக்கிற டிராக்டர் பின்னாலேயே நடந்து நத்தை பொறுக்கும். பொழுது சாய்கிறபோது கூட்டம் கூட்டமாக எங்கள் கூரைக்கு மேலே ஏரியைப் பார்த்துப் போகும். ஜன்னலில் தெரிகிற வானம் ஒரு முழம்கூட இருக்காது. ரசம் தாளித்துவிட்டு நிமிர்வதற்குள் கடந்துவிடும்.

அவை போய் இறங்குவதை ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. வீட்டுக்குப் பின்னால் மல்லாட்டைக் கொல்லை, நிலக்கடலையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள், அதைத் தாண்டினால் ஏரிக்கரை. நாரைகளைப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று மாமியாரிடம் கேட்டேன்.

"பொழுது போற நேரத்துல வெளிய இன்னா பண்ணப்போற?" என்றார். "அதுங்க நத்தையக் குத்தித் தின்னுதுங்க. அத்தப் போயி வேடிக்கை பாக்கறதா?"

காலையில் போ, மத்தியானம் போ, யாரும் தடுக்கப்போவதில்லை. காலையில் போனால் எச்சத்தால் வெளுத்துப்போன கருவேல மரங்கள்தான் இருக்கும். எனக்கு ஆத்திரமாக வந்தது. கதவில் பூட்டு இல்லை, கையில் விலங்கு இல்லை. ஒரு தட்டுச் சோறு என்னைக் கட்டிப்போட்டிருந்தது.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர்கள் இரண்டு பேருக்கும் பரிமாறிய பிறகு நான் உட்கார்ந்து சாப்பிடுகிற நேரம் ஒன்று இருக்கிறதே, அது என்னுடையதுதானே. "இனிமே ஒரு பொழுதுதான் சாப்பிடப்போறேன் அத்தை, நோன்பு" என்றேன். எங்கள் வீட்டில் எதற்கு வேண்டுமானாலும் தடை சொல்லலாம், நோன்புக்குச் சொல்ல முடியாது. நத்தை தின்கிற பறவையைப் பார்க்க ஒரு சமண வீட்டு மருமகள் பட்டினி கிடந்த கதை இதுதான்.

அந்தச் சில வாரங்களை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. கடைசி மோர் சாதத்தைப் பரிமாறியதும் கொல்லை வழியாகக் கரைக்கு ஓடுவேன். நாரைகள் மரத்துக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றும். பிறகு காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கும். அவ்வளவு பெரிய உடம்புக்கு அந்தக் கிளை தாங்காது, வளையும், இறக்கையை விரித்துத் தடுமாறிச் சமாளிக்கும். பக்கத்துக் கிளைக்காரன் அலகைப் படபடவென்று தட்டிச் சண்டைக்கு வருவான். பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கிற சண்டைதான். வயிறு காந்தும், நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன்.

மாமியார் சும்மா இருக்கவில்லை. மேல்சித்தாமூர் சமணக் கோயிலுக்குப் போனபோது சொந்தக்காரர்களிடமெல்லாம் என் நோன்பைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். இந்தக் காலத்துப் பெண்ணுக்கு இவ்வளவு பக்தியா என்று ஒரு பெரியம்மா என் கன்னத்தைத் தடவினார். நான் மாட்டிக்கொண்டேன் என்பது அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் சாயங்காலம் மாமியார் பூஜை அறையில் தன் பக்கத்தில் இன்னொரு மணை போட்டிருந்தார். "வெறும் வயித்தோட காத்துல போவாத. நோன்பு இருக்கறவ இந்நேரத்துல பஞ்ச மந்திரம் சொன்னாதான் பலன். வா, ஒக்காரு" என்றார். குரலில் அத்தனை பிரியம். என்ன சொல்லி மறுப்பது? உட்கார்ந்தேன். மறுநாளும் உட்கார்ந்தேன். நோன்பை விடவும் முடியவில்லை, ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. சோறும் போய், நாரையும் போய், அந்த அறையில் ஜன்னல்கூட இல்லை.

ஒரு நாள் மந்திரத்தின் நடுவில் கூரைக்கு மேலே இறக்கைச் சத்தம் கேட்டது. மாமியார் சொல்வதை நிறுத்தினார். சத்தம் தேய்கிறவரை முகத்தை நிமிர்த்தி வைத்திருந்தார்.

"எங்க போயி ஒக்காருதுங்கம்மா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "எது அத்தை?"

"அந்த நாரைங்கதான். நான் கல்யாணம் ஆயி வந்ததுலேருந்து கேட்டுக்கினுதான் இருக்கேன். எங்க போவுதுங்கன்னு தெரியல."

"நம்ம ஏரியிலதான். கருவேல மரத்துல."

"இங்கயேவா?" என்றார். "நான் எங்கயோ தூரமாப் போவுதுங்கன்னு நெனச்சேன்."

"நாளைக்கு வாங்க அத்தை, மாமா சாப்பிடறப்பவே கெளம்பிட்டா உங்க முட்டிக்கு மெதுவா நடந்து போயிப் பாத்துட்டு வரலாம்" என்றேன்.

"மாமா தனியா சாப்புட மாட்டாரே" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, இன்றைக்கு வியாழக்கிழமை என்று சொல்வது போலச் சொன்னார். விட்ட இடத்திலிருந்து மந்திரத்தைத் தொடர்ந்தார்.

போன வாரம் அம்மா போனில், விழுப்புரம் வந்து ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போயேன் என்று கூப்பிட்டபோது, மாமாவுக்குப் பரிமாற ஆள் இல்லையே என்று நானும் இதே குரலில்தான் சொல்லியிருந்தேன்.