எட்டு நிமிடம் முந்திய கணினி

பல்லேகலயில் நான் வேலை செய்யும் தையல் தொழிற்சாலையில், வாசலோரக் கணினியைக் காலையில் திறப்பது என் பொறுப்பு. வருகையைப் பதிய ஆட்கள் விரல் வைக்கும் மெஷினுக்கு நேரம் கொடுப்பது அதுதான். அதன் உள்ளே இருந்த சிறு பேட்டரி செத்துவிட்டது. கரண்ட் போய் வந்தால் ஏதோ பழைய வருடத்தைக் காட்டும். புது பேட்டரி கேட்டு எழுதிக் கொடுத்தேன், வரவில்லை. என் கைக்கடிகாரத்தைப் பார்த்து நானே நேரத்தைத் திருத்திவிடுவேன்.

எங்கள் வீட்டில் எல்லாக் கடிகாரமும் எட்டு நிமிடம் முந்தி ஓடும். பஸ்ஸைத் தவறவிடாமலிருக்க மனைவி செய்த ஏற்பாடு. வருடக்கணக்காகப் பழகியதில் அது எனக்கு மறந்தே போயிற்று.

மற்றவர்கள் கம்பனி பஸ்ஸில் அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுவார்கள். மடுல்கெல்லயிலிருந்து ஒரு பெண் மட்டும் இரண்டு பஸ் மாறி, வேலை தொடங்கும் ஏழரைக்குச் சற்று முன்னால் ஓடி வருவாள். அந்த மாதம் மூன்று நாள் அவள் பெயருக்கு நேரே தாமதம் என்று சிவப்பு விழுந்தது. மூன்று விழுந்தால் வேலை இல்லை.

மேலாளர் அறையில் அவள் தன் போனை நீட்டினாள். அதில் ஒன்பது நாலு. கணினியில் ஒன்பது பன்னிரண்டு. போனில் நேரத்தை யாரும் மாற்றலாம், கணினியில் முடியாது என்று மேலாளர் சிங்களத்தில் சொன்னார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதானே அண்ணே காலையில அதத் தொறக்கிறீங்க. நீங்களாச்சும் சொல்லுங்க."

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதிலும் ஒன்பது பன்னிரண்டு. அப்போதுதான் வீட்டுக் கடிகாரங்கள் நினைவுக்கு வந்தன; இதையும் அவற்றைப் பார்த்துத்தான் வைத்திருந்தேன். பெரியவர்கள் முன்னால் எனக்கு எப்போதும் வாய் வராது. அன்றும் வரவில்லை. அவள் வேலை நீக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

சில வாரம் கழித்து, வருகையைப் பதியும் மென்பொருளை எழுதியவர்களில் ஒரு பெண் கொழும்பிலிருந்து வந்தார். மேற்பார்வையாளர்களின் போனிலும் அதே மென்பொருள்தான். இரண்டிலும் நேரம் ஒத்துவரவில்லையாம். போன், சிக்னல் கோபுரத்திலிருந்து நேரம் எடுக்கிறது, கணினி தன் பேட்டரியை நம்புகிறது, எதையும் நாங்கள் அப்படியே நம்பியிருக்கக் கூடாது என்றார். இனி எல்லாம் கொழும்பில் உள்ள ஒரே கணினியிடம் நேரம் கேட்குமாம். பழைய பதிவுகளில் சில காலைகள் சரியாக எட்டு நிமிடம் முந்தியிருந்தன. யார் மாற்றியது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் கோபப்படாமல் குறித்துக்கொண்டார்.

பிறகு மேலாளரிடமும் போய்ச் சொன்னேன். அவளைத் திரும்பக் கூப்பிட முடியுமா என்று கேட்டேன். அவளுடைய தையல் மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று என்றார்.

பதிவுகளைத் திருத்தினார்கள். இப்போது அந்த மாதம் முழுவதும் அவள் நேரத்துக்கு வந்தவள். கடைசி வரியில் மட்டும், தாமதத்துக்காக நீக்கப்பட்டார் என்று இருக்கிறது.