கேட் அக்கா பார்க்காமல் விட்ட ஆட்டம்

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் எங்கள் பட்டாசுக் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி வந்தது: "நம்ம கேட் செல்லத்தாய் அக்கா போயிட்டாக." நெஞ்சுவலி. அமெரிக்க லீக்குகளில் ஆடும் கனடா பேஸ்பால் வீரர்களுக்காக நான் நடத்தும் இந்தப் பக்கத்தில் 'கேட் அக்கா சொன்னது' என்று படித்துச் சிரித்தீர்களே, அவர்தான்.

பட்டாசு ஆலைக்குள் செல்போன் கூடாது; ஒரு பொறி பட்டாலும் வெடிமருந்து பற்றிக்கொள்ளும். வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் கம்பெனி கேட்டில் எல்லோருடைய போனையும் வாங்கி வைப்பது அக்காவின் வேலை. நாங்கள் வேலைக்குள் நுழையும் நேரம், அங்கே முந்தின இரவு ஆட்டம் முடியப்போகும். ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தோடு போனைக் கொடுத்து, "அணைச்சிராதீகக்கா, என்ன ஆச்சுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றேன். மதியம் கேட்டுக்கு ஓடினேன்.

"மட்டை வச்சிருந்தவன் மூணு தடவ காத்துல வீசிட்டுத் தலையத் தொங்கப்போட்டுட்டுப் போறான்லே. இது நல்லதா கெட்டதா?"

"எறிஞ்சவன் நம்ம கனடாக்காரன். நல்லதுக்கா."

"அப்ப டீ சொல்லு."

அதன்பின் அவருக்கு ஒரு செல்லப் பிள்ளை கிடைத்தான். கனடாவில் ஒரு சின்ன ஊர் விவசாயி மகன், பந்து எறிபவன். "அங்கன பனியில மைதானமே தெரியாதாம். மாட்டுக்கொட்டாய்க்குள்ள எறிஞ்சு பழகுனவனாம்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். ஏழு வருடம் கீழ் லீக்கில் கிடந்த அவன் பெரிய லீக்கில் முதன்முறை எறியப்போகிறான் என்றதும், "நாளைக்கு போன்ல சார்ஜ் நெறையாப் போட்டுக் கொண்டா" என்றார்.

அந்த ஆட்டம் அமெரிக்காவின் மேற்குக் கரையில்; நாங்கள் உள்ளே போகும் நேரத்தில்தான் தொடங்கும். எனக்கோ அதை நேரலையில் பார்த்தே ஆகவேண்டும். போனைச் சோற்று டப்பாவுக்கு அடியில் ஒளித்துவைத்து, வீட்டில் மறந்துவிட்டதாகச் சொன்னேன்.

"நம்ம பய எறியுற அன்னைக்கு நீ போன மறந்தியாக்கும்? பையத் தொறலே."

எடுத்தார். கத்தவில்லை. "மருந்து ரூம்புல எத்தன பேரு?"

"என்னோட சேத்து நாலு பேருக்கா."

"அவன் தப்பா எறிஞ்சா அடுத்த பந்து இருக்கு. உங்க நாலு பேருக்கு?"

ஃபோர்மேனிடம் சொல்லி, அன்று என்னை உள்ளே விடாமல் போனோடு திருப்பி அனுப்பினார். நான் வீட்டில் உட்கார்ந்து முழு ஆட்டமும் பார்த்தேன். அவரிடம் இருந்தது பட்டன் போன்.

மறுநாள் "எப்படிலே எறிஞ்சான்?" என்று அவராகவே கேட்டார். திருப்பி அனுப்பிய கோபத்தில் "தெரியாது" என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே போனேன். மதியம் பக்கத்து ரூம் அண்ணன் சிரித்தார்: "நேத்து பூரா அந்தக்கா லோடு ஏத்த வந்த டிரைவர்ககிட்டகூட 'கனடாக்காரன் ஆட்டம் என்னாச்சு'ன்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சுடா."

சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு, கேட்டில் நின்று ஒவ்வொரு பந்தாகச் சொன்னேன். நிறைய அடி வாங்கினான்; பாதியிலேயே எடுத்துவிட்டார்கள்; திரும்பக் கீழ் லீக்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

அக்கா "சரி, கீழ அவனுக்கு எப்ப ஆட்டம்?" என்றுதான் கேட்டார். கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

புதன்கிழமை, அக்காவின் ஊரான ஆனைக்குட்டத்தில் அவரைத் தூக்கியபோது, மருந்து ரூம் ஆட்கள் நால்வரும் கொஞ்ச தூரம் தோள் கொடுத்தோம். எங்களில் ஒருவருக்கும் ஒரு விரல்கூடக் குறையவில்லை. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான்.