முதலில் வந்து கேட்டவரின் கரும்பு

எங்கள் ஆலையின் கரும்பு அதிகாரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்னை நினைத்தாலும்தான். அவர் வாயால் செய்ததை நான் கையால் செய்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

வில்லியனூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து, பாகூர்ப் பக்கம் இருந்த ஒரு தனியார் கரும்பு ஆலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் பிரிவு என்று பெயர். பிரிவு என்றால் நான் ஒருத்தி, ஒரு கவுண்டர், ஒரு பழைய சர்வர். எந்த வயல் கரும்பு முதிர்ந்திருக்கிறது என்று சர்வர் சொல்லும். ஆலை கரும்பு அரைக்கும் காலத்தில் அது தினமும் எல்லா வயலையும் தானாகவே பார்த்து, பத்து மாதம் ஆனதற்கு வெட்டு உத்தரவு அச்சடிக்கும். உத்தரவு இல்லாமல் வெட்டினால் ஆலை எடுக்காது. அந்த மென்பொருளை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் விட்டுப் போன நிரல் மட்டும் ஒரு தடித்த நோட்டாக பீரோவில் கிடந்தது. அதை யாரும் தொட்டதில்லை, நானும் தொட்டதில்லை.

ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. சாயந்திரம் ஐந்தரை ஆனால் அட்டெண்டர் வந்து மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். சர்வரும் அணைந்துவிடும். காலையில் அது எழுந்து உட்கார அரை மணி நேரம் ஆகும். அதுவரை விவசாயிகள் கவுண்டர் முன்னால் நின்று என்னை முறைப்பார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மெயின் சுவிட்சைச் சேராத தனி லைனோடு யூபிஎஸ் வேண்டும் என்று கடிதம் மேல் கடிதம் எழுதி, ஒரு ஆவணியில் வாங்கியும் விட்டேன். அதற்குப் பிறகு சர்வர் அணையவே இல்லை. என்னவோ சாதித்துவிட்ட மாதிரி வீட்டில்கூடப் பெருமையாகச் சொன்னேன்.

நெட்டப்பாக்கம் பக்கத்திலிருந்து ஒருவர் வருவார். ஐம்பது வயதைத் தாண்டியவர், இரண்டு காணியில் கரும்பு போட்டிருந்தார். அந்தப் புரட்டாசியிலேயே வந்து, தன் வயலுக்கு எப்போது வெட்டு என்று கேட்டார். வயல் எண்ணைத் தட்டினேன். முதிரவில்லை என்று வந்தது. எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, அதனால் சரிதான். அடுத்த திங்கட்கிழமையும் வந்தார். கார்த்திகையில் அரவை தொடங்கிய பிறகும் ஒரு திங்கள் தவறவில்லை. நானும் எண்ணைத் தட்டுவேன், முதிரவில்லை என்று வரும், நிமிர்ந்து பார்க்காமல் சொல்லி அனுப்புவேன். சும்மா சும்மா வருகிறாரே என்று எரிச்சல் வேறு.

தை பிறந்ததும் அவர் அதிகாரியின் அறைக்கே போனார். பக்கத்து வயலில் தனக்குப் பின்னால் நட்டவன் வெட்டி முடித்துவிட்டான், தன் கரும்பு முற்றிப்போய்ப் பூத்து நிற்கிறது என்றார். அறையில் இருபது பேர் இருந்தார்கள். அவர் வயலுக்கு எட்டு மாதம் என்று சர்வர் அச்சடித்த கோப்போடு நானும் நின்றிருந்தேன்.

“வைகாசில நட்டுட்டு தையில நட்டேன்னு கதை உடுறியா?” என்றார் அதிகாரி. “கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா, நீ பொய் சொல்றியா?”

யாரோ சிரித்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நான் கோப்பை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மாசியில் ஒருநாள், மனசு கேட்காமல் அவருடைய பதிவைத் திறந்தேன். நட்ட மாதம் தை என்று எங்கள் ஆள்தான் பதிந்திருந்தார். விரல் விட்டு எண்ணினேன். பதிமூன்று மாதம். இந்த எண்ணிக்கைக்கு விரல் போதும், சர்வர் எதற்கு? அத்தனை திங்களிலும் ஒரு தடவைகூட எனக்கு எண்ணத் தோன்றவில்லையே என்று என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

பீரோவிலிருந்த நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் படித்தேன். வயதைக் கணக்கிட ஒரு பங்ஷன் இருந்தது. அந்தக் காலத்து மெஷின் மெதுவானது என்பதால், ஒருமுறை கண்டுபிடித்த விடையை மறுபடி கணக்குப் போடாமல் எடுத்துக்கொள்ள, நிரலை எழுதியவர் பங்ஷனோடு ஒரு சின்னப் பட்டியலை ஒட்டியிருந்தார். அறுபத்து நான்கு இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வயல் எண், அதற்கான விடை. எந்தத் தேதியில் கணக்கிட்டது என்பதைக் குறித்து வைக்கவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. சாயந்திரம் சுவிட்சை இறக்கினால் பட்டியல் தானாகக் காலியாகிவிடும். நான் வாங்கி வைத்த யூபிஎஸ் அதைக் காலியாக விடவில்லை. முதலில் வந்து கேட்ட அறுபத்து நான்கு பேரின் விடை அப்படியே நின்றுவிட்டது. இடம் நிறைந்த பிறகு வந்தவர்களுக்கும், வராமலே இருந்தவர்களுக்கும், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்குப் போட்டுச் சரியாகவே சொல்லியிருக்கிறது. நெட்டப்பாக்கத்துக்காரரோடு மாட்டியவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்கள் ஆளைப் பிடித்துச் சிபாரிசில் வெட்டு வாங்கிக்கொண்டார்கள். அப்போது மட்டும் அதிகாரிக்குக் கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

சர்வரை அணைத்துப் போட்டேன். நெட்டப்பாக்கத்துக்காரரின் வயல் எண்ணை நான் தட்டியதும் உத்தரவு அச்சாகி வந்தது. அதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். சிஸ்டம் தப்பு என்று வெளியே சொல்லிவிடாதே, மறுபடி விசாரித்துக் கொடுத்ததாக எழுதிக்கொள் என்றார்.

உத்தரவை நானே எடுத்துக்கொண்டு நெட்டப்பாக்கத்துக்காரரின் வயலுக்குப் போனேன். கரும்பு முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. அவர் ஒன்றை ஒடித்துக் காட்டினார். நடுவில் சாறில்லை, பஞ்சு போல இருந்தது. நடந்ததை எதையும் மறைக்காமல் சொன்னேன். யூபிஎஸ் வாங்கியது நான்தான் என்பதையும் சொன்னேன்.

அவர் ஒடித்த கரும்பைக் கீழே போட்டார். “அப்ப நான் வந்து கேக்காம வூட்லயே இருந்திருந்தா?”

“கார்த்திகையிலயே வெட்டு வந்திருக்கும் ஐயா.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். “கரும்பு போனா போவுதும்மா,” என்றார். “அத்தினி பேர் எதிர்ல என்னப் பொய்யன்னு சொன்னாரே, அதுக்கு இன்னா பண்ணுவீங்க?”

அடுத்த திங்கட்கிழமை, அறையில் கூட்டம் நிறைந்திருந்த நேரம் பார்த்து உள்ளே போனேன். அந்த மனிதர் சொன்னது உண்மை, தப்பு எங்களுடையது, அதிகாரி ஒரு தடவை விரல் விட்டு எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும், நானும் எண்ணவில்லை என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன். அதிகாரி முகம் சிவந்து என்னை வெளியே போகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் அதைக் கேட்க அந்த விவசாயி அங்கே இல்லை. அந்த வருஷம் கரும்புக் கட்டையைத் தோண்டி எறிந்துவிட்டு நெல் நட்டுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் வாசலை அவர் அதற்கப்புறம் மிதிக்கவே இல்லை.